தலைவர்களின் உறவினர்க்குத் தனித்தலைப்பு உண்டா?

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இனிச் செய்ய வேண்டிய பணிகளுள் ஒன்றாக, நம் சமூகத்துக்கு உழைத்த பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து அகரவரிசையில் ஒரு சிறு களஞ்சியமாக வெளியிட வேண்டும் என்னும் எண்ணம் உறுப்பினர்களிடையே எழுந்துள்ளது. வரவேற்கத்தக்க எண்ணமே. ஆனால் பெயர்ப்பட்டியலை எழுத உட்கார்ந்தவுடன் ஒரு வினா குறுக்கே வந்து நின்றுவிட்டது. அண்ணல் அம்பேத்கருக்கு ஒரு தலைப்பு வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவர்தம் துணைவியார் இரமாபாய் அம்மையாருக்குத் தனித்தலைப்பு வேண்டுமா? தந்தை சிவராஜ் அவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறோம். அன்னை மீனாம்பாளை அதே கட்டுரையின் இறுதிப் பத்தியில் அடக்கிவிடலாமா, அன்றி அவருக்கென ஓரிடம் ஒதுக்க வேண்டுமா?

பெரியோர் சிலர், தலைவர்தம் குடும்பத்தார் அனைவர்க்கும் இடம் கொடுப்பதே நன்றியுடைமை என்றனர். இளைஞர் சிலரோ, இது வாரிசுகளுக்கு மாலை சூட்டும் வேலை. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கும் நாமே, ஒருவர் இன்னாருக்கு மகன், இன்னாருக்கு மனைவி என்பதற்காகத் தலைப்புக் கொடுக்கலாமா என்று கேட்டனர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனவே இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு சற்று ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கலைக்களஞ்சியத் தலைப்பு என்பது விருதன்று, சிலையன்று, பொன்னாடையும் அன்று. தேடி வருபவனுக்கு விடை சொல்லும் இடம் அது. ஒருவரைப் பற்றி அறிய விரும்பும் மாணவன் எந்த எழுத்தைப் புரட்டுவான், அங்கே அவனுக்குச் சொல்லச் சான்றுள்ள செய்தி நம்மிடம் உண்டா என்ற இரண்டையும் பார்த்தே தலைப்பு அமைய வேண்டும். தகுதி, பெருமை, நன்றி என்ற சொற்களை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதனாலேயே குழப்பம் உண்டாகிறது. தலைப்புப் பெறாத உறவினர்களைக் களஞ்சியத்தில் ‘காண்க’ என்ற ஒரு சொல்லால் தலைவரிடம் அனுப்பிவிடுவது வழக்கம். ‘மீனாம்பாள் — சிவராஜ் காண்க’ என்று எழுதினால் ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வரியில் ஒரு பெண்மணியின் அரை நூற்றாண்டுப் பொதுவாழ்வு மறைந்துவிடுகிறதா இல்லையா என்பதே கேள்வி.

தமிழில் இத்துறையில் முன்னோடி நூல் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி. 1910இல் வெளிவந்தது. ஒரு தனிமனிதர் பல்லாண்டு பாடுபட்டுத் தொகுத்த அந்நூலைப் புரட்டிப் பார்த்தால், புராண அரசர்களும் முனிவர்களும் மட்டுமல்லர், அவர்தம் மனைவியரும், மக்களும், பேரன்மாரும் தனித்தனித் தலைப்புப் பெற்றிருப்பதைக் காணலாம். இன்னான் மகன், இன்னாள் கணவன் என்பதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லாத பெயர்கள் அங்கே உண்டு. அப்போது எவரும் தகுதி கேட்டதில்லை. உழைக்கும் மக்களின் தலைவர்களுடைய வீட்டார் என்று வரும்போதுதான் தராசு வெளியே வருகிறது! பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அறிஞர் பலர் கூடி உழைத்த அப்பெரும்பணி, இன்றும் எந்தத் தொகுப்பு வேலைக்கும் முன்மாதிரியாகும்.

மேலைநாட்டாரும் இச்சிக்கலைச் சந்தித்தவர்களே. இங்கிலாந்தில் 1885இல் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் தொகுதி வெளிவந்தது. நூறாண்டு கடந்தபின், விடுபட்டவர்களுக்காகவே ‘காணாமற் போனோர்’ என்னும் பெயரில் 1993இல் ஒரு தனித் தொகுதி வெளியிட வேண்டியதாயிற்று. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். 2004இல் அறுபது தொகுதிகளாக அந்நூல் புதிதாக எழுதப்பட்டபோது பெண்களுக்குரிய இடமும் கூட்டப்பட்டது. செல்வமும் பல்கலைக்கழகங்களும் உள்ள நாட்டிலேயே விடுபட்டவரைச் சேர்க்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்றால், நம் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வானூர் வட்டத்திலேயே ஒரு சான்று கல்லில் நிற்கிறது. கல்மரங்களைக் காணத் திருவக்கரைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லாத ஆசிரியர் இப்பகுதியில் இரார். அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலைக் கற்றளியாக மாற்றிக் கட்டியவர் செம்பியன் மாதேவியார். இராசராசனின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 1001 அளவில் இப்பணி நடந்தது. இந்த அம்மையார் யார்? கண்டராதித்த சோழனின் தேவி. உத்தம சோழனின் தாய். இராசராசனுக்குப் பாட்டி முறையினர். கல்வெட்டுகளும் அவரை இவ்வுறவுகளாலேயே அறிமுகம் செய்கின்றன. ஆயினும் கணவன் மறைந்தபின் ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கோனேரிராசபுரம், விருத்தாசலம், ஆடுதுறை, திருக்கோடிக்கா என்று ஊர் ஊராகச் செங்கற் கோயில்களைக் கற்கோயில்களாக்கியது அவர் செயல். சோழர் கலை வரலாற்றில் அவர் பெயரால் ஒரு பாணியையே குறிப்பிடுகிறார்கள். கண்டராதித்தரைவிட அவர் மனைவியைப் பற்றியே இன்று ஆய்வாளர் மிகுதியாக எழுதுகின்றனர் என்றால் மிகையாகாது. திருக்கோடிக்காவில் பழைய கோயிலை எடுத்துக் கட்டியபோது, பழங்கற்களில் இருந்த எழுத்துகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உறவால் அறிமுகமாகி, செயலால் நிலைபெற்றவர்க்கு ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எடுத்துக்காட்டு அவர்.

ஆனால் அரசிக்குக் கல்லும் உளியும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அதே காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நம் முன்னோர் எவ்வாறு வருகின்றனர்? ஊர்களில் வரி நீக்கிய நிலங்களை அளந்து கழிக்கும் இடத்தில் ‘பறைச்சேரி’ என்றும் ‘தீண்டாச்சேரி’ என்றும் வருகின்றனர். இடத்துக்குப் பெயர் உண்டு. அங்கு வாழ்ந்தவனுக்கு இல்லை. இந்த வழக்கம் ஆயிரமாண்டோடு ஒழிந்ததா? 1978இல் விழுப்புரத்தில் நடந்த வன்கொடுமையில் நம்மவர் 12 பேர் உயிரிழந்தனர். ‘12 பேர்’ என்ற எண்ணிக்கையை நம் வட்டாரத்தில் அனைவரும் சொல்வர். பன்னிரண்டு பெயர்களையும் சொல்லக்கூடிய இளைஞர் எத்தனை பேர் என்று இம்மலரைப் படிப்போர் தத்தம் தெருவில் கேட்டுப் பார்க்கட்டும். பெயரை எழுதிவைப்பது நமக்கு வெறும் அலங்காரம் அன்று என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இனி அன்னை மீனாம்பாளின் வரலாற்றுக்கு வருவோம். நம் வினாவுக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பதரிது. அவர் 1904 டிசம்பர் 26ஆம் நாள் இரங்கூனில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் பெ.மா. மதுரைப்பிள்ளை, இரங்கூனில் பெருவணிகராக விளங்கித் தமிழ்ப் புலவர் பலரை ஆதரித்த வள்ளல். தந்தையார் வாசுதேவப்பிள்ளை, சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். 1918இல் மீனாம்பாளை மணந்தவர் ந. சிவராஜ். சட்டக்கல்லூரிப் பேராசிரியர், 1942இல் நாகபுரியில் அமைந்த அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் தலைவர், 1945இல் சென்னை மாநகரத் தந்தை, 1957இல் செங்கற்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர், இந்தியக் குடியரசுக் கட்சியின் தலைவர். இத்துணைப் பெரியோர் சூழ்ந்திருக்கையில், மீனாம்பாளை ஒருவரின் பேத்தி, ஒருவரின் மகள், ஒருவரின் மனைவி என்று மூன்று சொற்களில் சொல்லி முடித்துவிடலாம். அப்படி முடித்த மேடைப் பேச்சுகளை நாமே கேட்டிருக்கிறோம்.

அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1928இல் சைமன் குழு வந்தபோது, நாடெங்கும் புறக்கணிப்பு முழக்கம் எழுந்த நேரத்தில், ஒடுக்கப்பட்டோர் தம் குறைகளைக் குழுவின்முன் சொல்லியே ஆக வேண்டும் என்று பொதுமேடையில் அதனை ஆதரித்துப் பேசினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு நிரம்பவில்லை. காற்றுக்கு எதிராக நடக்கும் துணிவு அது. அம்முடிவு சரியா தவறா என்று இன்று வாதிடலாம்; ஆனால் அது கணவர் நிழலில் ஒதுங்கி நின்றவரின் செயலன்று. 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ. இராமசாமி அவர்களைப் ‘பெரியார்’ என்றே வழங்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அம்மாநாட்டை நடத்திய முன்னணியினருள் மீனாம்பாளும் ஒருவர். 1944 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது, தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் மகளிர் மாநாடு இவர் தலைமையில் கூடியது. மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, திரைப்படத் தணிக்கைக் குழு உறுப்பினர் என்று அவர் வகித்த பொறுப்புகள் பல. சிவராஜ் அவர்கள் 1964இல் மறைந்தார். மீனாம்பாள் அதன்பின்னும் இருபத்தெட்டாண்டுகள் வாழ்ந்து 1992 நவம்பர் 30இல் காலமானார். கணவர் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இவரை வைத்தால், அக்கட்டுரையின் நாயகர் மறைந்த பிறகு நிகழ்ந்தவற்றை எங்கே எழுதுவது? ‘சிவராஜ் காண்க’ என்று அனுப்பினால் மாணவன் அங்கே பாதி மீனாம்பாளைத்தான் காண்பான்.

அந்த 1938ஆம் ஆண்டு மாநாட்டையே இன்னும் சற்று உற்றுநோக்கலாம். தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். அவர் யார் என்றால், மறைமலையடிகளின் மகள் என்பர். உண்மைதான், ஆனால் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் திரட்டி அகரவரிசை தந்தவரும் அவரே. தந்தையாரின் தனித்தமிழ்க் கொள்கை நடைமுறைக்கு வர இத்தகைய கருவிநூல்கள் வேண்டியிருந்தன. பெரியார் குடும்பத்திலும் அவ்வாறே. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் முன்னின்றனர். நாகம்மையார் 1924இல் வைக்கத்துக்கும் சென்று போராடினார். குடிஅரசு இதழின் வெளியீட்டாளராக இருந்த கண்ணம்மாள், 1933இல் அவ்விதழில் வந்த தலையங்கத்துக்காகத் தமையனாருடன் வழக்கைச் சந்தித்துச் சிறையும் புகுந்தார். சிறைக்குச் சென்றது தங்கை என்ற உறவு அன்று. வெளியீட்டாளர் என்ற பொறுப்பு.

வடக்கே சாவித்திரிபாய் பூலேயின் வரலாறு இளைஞர்கள் பலரும் அறிந்ததே. 1848இல் பூனாவில் கணவர் சோதிராவ் பூலேயுடன் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி ஆசிரியையாகப் பணியாற்றினார். 1854இல் கவிதைநூல் வெளியிட்டார். 1890இல் கணவர் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் தீச்சட்டியைத் தாமே ஏந்திச் சென்றார். பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோயாலேயே 1897இல் உயிர் நீத்தார். பூனாப் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது 2014இல். இடைப்பட்ட 117 ஆண்டுகளும் பெரும்பாலோர்க்கு அவர் பூலேயின் மனைவியே!

இதுவரை கண்டவர்கள் எளிய சான்றுகள். தலைவரின் பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இவர்தம் வாழ்க்கையில் எழுதச் செய்தி மிஞ்சுகிறது. நம்மைச் சோதிப்பது இரமாபாய் அம்மையாரின் தலைப்பு. அவர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கவில்லை, நூல் எழுதவில்லை, பதவி வகிக்கவில்லை. 1906இல் சிறுமியாக இருந்தபோதே மணம் முடிந்தது. கணவர் 1913இல் அமெரிக்காவுக்கும், பின்னர் 1920இல் இலண்டனுக்கும் படிக்கச் சென்றபோது, பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தவர். பெற்ற பிள்ளைகள் ஐவருள் நால்வரைப் பறிகொடுத்தார். யசுவந்த் ஒருவரே எஞ்சினார். 1935 மே 27இல் அம்மையார் மறைந்தார். தாம் அயல்நாட்டில் இருந்த காலத்தில் தம் மனைவி சாணக்கூடையைத் தலையில் சுமந்து பாடுபட்டதை அம்பேத்கரே தம் ‘பகிஷ்கிருத பாரத்’ ஏட்டில் எழுதினார். பாகிசுதான் குறித்த தம் பெருநூலை அவர் நினைவுக்கே உரிமையாக்கினார்.

தலைவர் பெயரை நீக்கிப் பார்க்கும் அளவுகோலை இங்கே வைத்தால் இரமாபாய்க்குத் தலைப்பு இல்லை. இளைஞருள் சிலர் அப்படியே வாதிட்டனர். நாம் அதனை ஏற்கவில்லை. காரணம், அந்த அளவுகோலே மேடையேறியவர்க்காகச் செய்யப்பட்டது. கொலம்பியாவில் ஒருவர் படித்துக்கொண்டிருக்க வேண்டுமானால் பம்பாயில் ஒருவர் அடுப்பெரிக்க வேண்டும். இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். ஒன்றுக்குப் பட்டம் கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. மேலும் இரமாபாயைப் பற்றிச் சொல்ல நம்மிடம் சான்று இருக்கிறது; அதுவும் அண்ணலின் கையாலேயே எழுதப்பட்ட சான்று. தேடி வருவோரும் பலர். அவர் நினைவுநாள் இன்றும் மராட்டியத்தில் கொண்டாடப்படுகிறது. தேடுவோர் உண்டு, சான்றும் உண்டு என்னும்போது தலைப்பை மறுக்க என்ன இருக்கிறது?

அண்ணலின் இரண்டாம் துணைவியார் மருத்துவர் சவிதா அம்பேத்கரின் நிலை முற்றிலும் வேறு. 1948 ஏப்ரல் 15இல் திருமணம் நடந்தது. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் மருத்துவம் பயின்றவர். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் கணவருடன் பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்ததும் அவர்மீது எழுந்த ஐயங்களும் பழிச்சொற்களும் நாம் மறைக்க வேண்டியவை அல்ல. மைய அரசு விசாரித்து, அது இயற்கையான மரணமே என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தது. ஆயினும் இயக்கம் அவரை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு அண்ணல் எழுதிய முன்னுரையில், நோயுற்ற காலத்தில் தம்மைக் காத்தமைக்காகத் துணைவியாருக்கும் மருத்துவர் மால்வன்கருக்கும் நன்றி கூறியிருந்தார். 1957இல் நூல் வெளிவந்தபோது அம்முன்னுரை அதில் இடம்பெறவில்லை. 1980இல் பகவான்தாஸ் அவர்கள் அதனைத் தேடியெடுத்து அச்சிட்ட பிறகே பலரும் அறிந்தனர். 1990இல் அண்ணலுக்கு வழங்கப்பட்ட பாரத ரத்னா விருதைக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டவர் சவிதா அம்மையாரே. அவ்வாண்டே மராத்தியில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார், 2003இல் காலமானார்.

இவருக்குத் தனித்தலைப்பு கொடுப்பதைச் சில பெரியோர் விரும்பவில்லை. அவர்களிடம் நாம் பணிவோடு கூறுவது இது: தலைப்பு இல்லாவிட்டால் வதந்திதான் தலைப்பாகும். ஒருவரைப் பற்றி நூறு வாய்கள் பேசும்போது, நாள், ஆண்டு, விசாரணை முடிவு, அவர்தம் சொந்த வாக்குமூலம் ஆகியவற்றை ஓரிடத்தில் எழுதிவைப்பது நம்மைச் சார்ந்த கடமை. அவரை விரும்புவதும் வெறுப்பதும் படிப்பவர் உரிமை.

அப்படியானால் உறவினர் அனைவர்க்கும் தலைப்பா என்றால், இல்லை. அண்ணல் அம்பேத்கர் தம் பெற்றோர்க்குப் பதினான்காம் பிள்ளை. உடன்பிறந்தார் பெயர்கள் அவர் கட்டுரைக்குள்ளேயே அமையலாம், தனித்தலைப்பு வேண்டுவதில்லை. இரட்டைமலை சீனிவாசனின் பேரர்களுள் பி. பரமேசுவரனுக்குத் தலைப்புத் தருகிறோம் என்றால், அவர் 1954இல் அமைந்த காமராசர் அமைச்சரவையில் அறநிலையத் துறைப் பொறுப்பேற்ற அமைச்சர் என்பதனால். கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் கோயில்களின் அமைச்சரானது தமிழக வரலாற்றில் தனிச்செய்தி. பாட்டனார் பெயர் அங்கே ஒரு வரி மட்டுமே. அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தபின் ‘தமிழன்’ இதழைத் தொடர்ந்து நடத்தியவர் அவர் மகன் பட்டாபிராமன். இவரைத் தலைப்பாக்குவதா, ‘தமிழன்’ என்னும் இதழ்க் கட்டுரைக்குள் வைப்பதா? இதழ்க் கட்டுரையே பொருத்தம் என்று நமக்குப் படுகிறது. கருத்து வேறுபாடு இருப்பின் விவாதிப்போம்.

பண்டிதரின் துணைவியார் தனலட்சுமி அம்மையார், இரட்டைமலை சீனிவாசனின் சகோதரி. தென்னாட்டு ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் இருபெரும் தூண்கள் ஒரே குடும்பத்தில் சேர்ந்தது இந்த அம்மையாரால். இருவரும் தனித்தனிப் பாதையில் சென்றனர். 1893இல் சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரில் இதழ் தொடங்கினார், பண்டிதரோ அப்பெயரை ஏற்காமல் பூர்வ பௌத்தர் என்று எழுதினார். இவ்விரு கருத்துகளுக்கும் நடுவில் ஒரு வீட்டில் ஒரு பெண் வாழ்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அச்சில் ஓரிரு வரிகளே எஞ்சின. இத்தகையோர்க்கு ‘காண்க’ என்னும் குறிப்பாவது கட்டாயம் வேண்டும். பெயர் அகரவரிசையில் நின்றால்தான், நாளை ஓர் ஆய்வு மாணவி அந்த இடத்தில் கைவைத்து, இவ்வளவுதானா என்று கேட்பாள்.

இனி நம் வட்டாரக் களஞ்சியத்துக்கு வருவோம். முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியும் பார்த்தும் வருபவர்கள் நாம். நம் சேரிகளில் பலருடைய பெயர் முதன்முதலாக மையினால் எழுதப்பட்ட இடம் அந்தப் பதிவேடுதான். பிறந்தநாள் தெரியாத பிள்ளைக்கு ஆசிரியர் தாமே ஒரு நாளைக் குறித்து வயதை அமைத்தார். அந்நாளே இன்று ஓய்வூதியம் வரை செல்லுபடியாகிறது. அப்பதிவேட்டில் தந்தை பெயருக்குக் கட்டம் உண்டு. பழைய ஏடுகளில் தாயின் பெயருக்குக் கட்டமில்லை. கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர் தாய். ஏட்டில் நின்றது தந்தை. இதே கட்டத்தைத்தான் நாம் களஞ்சியத்திலும் வரையப் போகிறோமா?

ஊரில் திண்ணையில் இரவுப் பள்ளி நடத்திய பெரியவர்களின் பெயர்கள் பட்டியலில் சேர்ந்துள்ளன. மிக்க மகிழ்ச்சி. அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கூலிப் பணத்தில் எடுத்து வைத்தவர் யார், படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றியவர் யார், அவர் பெயர் என்ன என்பதையும் அதே வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள், இளைஞர்களே. பெயரை மட்டுமன்று; எந்த ஆண்டு, யார் சொன்னது, சொன்னவர்க்கு அப்போது என்ன வயது என்பதையும் எழுதுங்கள். குடும்ப அட்டை, நிலப் பட்டா, பழைய கூட்டத் துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ், புகைப்படத்தின் பின்புறத்தில் எழுதிய வரி ஆகிய அனைத்தும் சான்றே. திருமண அழைப்பிதழில்தான் நம் பெண்களின் பெயர்கள் அச்சேறின என்பதை மறவாதீர்கள். தலைவரின் வீட்டார் என்பதற்காக ஒருவரைப் புகழ்ந்து எழுதிக் கொடுத்தால், அதனைச் சங்கம் வாங்கி வைக்கும், அச்சிடாது. செயலும் சான்றும் இருந்தால் ஐந்து வரியானாலும் அச்சிடும். உறவு முறையைக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் வைக்காமல், பிறப்பும் செயலும் கூறியபின் வைக்கலாம் என்பதும் நம் கருத்து.

அவ்வாறே மாதிரிக்காக ஒரு தலைப்பை எழுதிப் பார்த்தோம். ‘மீ’ வரிசையில் அது இவ்வாறு தொடங்குகிறது: மீனாம்பாள் (1904–1992): இரங்கூனில் பிறந்தவர், சைமன் குழுவை ஆதரித்துப் பேசியவர், 1944ஆம் ஆண்டுச் சென்னை மகளிர் மாநாட்டின் தலைவர். பத்தாம் வரியில் கணவர் ந. சிவராஜின் பெயர் வருகிறது. ‘சி’ வரிசையில் சிவராஜ் கட்டுரையின் முடிவில், மீனாம்பாள் காண்க என்று எழுதியுள்ளோம்.